எது முதல் சார்?

சில வருடங்களுக்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு ஐந்து வாசகம் எழுதிக் கொடுத்தேன். ஐந்தே ஐந்து. அதற்குக் கிடைத்த செக், அந்த மாதம் நான் எழுதிய நாலு கட்டுரைக்கும் சேர்த்து வந்ததைவிட அதிகம். சினிமாப் பாட்டுக்குக்கூட இந்த ரேட் கிடைக்குமா என்று தெரியவில்லை.

கார் கம்பெனிகளுக்கு உதிரி பாகங்கள் செய்து தருகிற இடம் அது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வரப்போகிறார். கம்பெனியின் 'கோர் வேல்யூஸ்' ரிசப்ஷன் சுவரில் இங்கிலீஷில், பித்தளை எழுத்தில் பளபளவென்று இருக்கிறது. ஷாப் ஃப்ளோரிலும் தமிழில் ஒரு போர்டு இருந்தால் ஆடிட்டர் சந்தோஷப்படுவார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஹெச்.ஆர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நல்ல தமிழா போட்டுக் கொடுங்க சார். ஆனா ரொம்ப நல்ல தமிழா வேண்டாம்!"

போட்டுக் கொடுத்தேன். தரம். நேர்மை. வாடிக்கையாளர் திருப்தி. பாதுகாப்பு. குழு உணர்வு. நீலத்தில் வெள்ளை எழுத்து. மாட்டும் அன்றைக்கு என்னையும் வரச் சொன்னார்கள். போனேன்.

போர்டை மாட்டிவிட்டு எல்லோரும் கலைந்த பிறகு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையில் கேஜோடு வந்து நின்றார். குவாலிட்டி இன்ஸ்பெக்டர். போர்டை இரண்டு தடவை படித்தார்.

"நீங்கதான் எழுதினதா சார்?"

"ஆமாங்க. மொழிபெயர்ப்புதான்."

"நல்லாயிருக்கு. ஒரு சந்தேகம். இதுல எது முதல்?"

"புரியலையே..."

"இப்ப மணி மூணரை. ஆறு மணிக்கு லோடு கிளம்பணும். ஒரு லாட்டுல அளவு கொஞ்சம் வெளியே போயிருக்கு. தரம்னா நான் நிறுத்தணும். வாடிக்கையாளர் திருப்தின்னா அனுப்பணும். ஏன்னா அங்க அவங்க லைன் நின்னா இங்க டெபிட் நோட் வந்துடும். சரி, வேற பீஸ் ஓட்டி ஆறு மணிக்குள்ள குடுத்துடலாம்னா பிரஸ் வேகமா ஓடணும். வேகமா ஓடணும்னா ரெண்டு பட்டன்ல ஒண்ணைக் கட்டிடுவாங்க. அப்ப பாதுகாப்பு போச்சு. ஒண்ணைப் புடிச்சா இன்னொண்ணு நழுவுது. அதான் கேட்டேன், எது முதல்?"

பட்டன் விவகாரம் தெரியாதவர்களுக்கு: பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் வைத்திருப்பார்கள். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு கீழே இறங்கும். கைகள் பட்டனில் இருந்தால் அச்சுக்கு அடியில் இருக்க முடியாது அல்லவா, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஒரு பட்டனை எதையாவது வைத்து அமுக்கிக் கட்டிவிட்டால், ஒரு கையால் பீஸ் வைத்து எடுத்துக்கொண்டே மறு கையால் மெஷினை ஓட்டலாம். வேகம் கூடும். விரல் போகும்.

அவருக்கு வலது கையில் ஒரு விரல் பாதிதான் இருந்தது. அதற்கு முன்னால் வேலை பார்த்த இடத்தில் போனதாம்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஹெச்.ஆர். மேனேஜரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எல்லாமே முதல்தான் சார். ஈக்வல் பிரியாரிட்டி!"

செக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த இன்ஸ்பெக்டரைத் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் அவர் கேள்வி என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஆபீஸ் சுவரில் எந்த 'வேல்யூஸ்' போர்டைப் பார்த்தாலும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் படிக்கிறேன். படித்ததில் என்ன தெரிந்தது என்று சொல்லத்தான் இந்த வாரம்.

*

முதலில், இந்த போர்டு மாட்டுகிற பழக்கம் இவ்வளவு பரவியது எப்படி?

இதற்கு ஒரு புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஜிம் காலின்ஸ், ஜெர்ரி போரஸ் என்ற இரண்டு பேர் 1994-ல் எழுதிய 'பில்ட் டு லாஸ்ட்'. ரொம்ப காலம் நிலைத்து நிற்கிற 18 கம்பெனிகளை எடுத்துக்கொண்டு, இவர்களிடம் மட்டும் அப்படி என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டுபிடித்ததில் ஒன்று: இந்தக் கம்பெனிகளுக்குள் லாபத்தைத் தாண்டிய சில அடிப்படை நம்பிக்கைகள் மாறாமல் இருக்கின்றன. புத்தகம் உலகம் முழுக்க விற்றது. 'அவங்ககிட்ட இருக்காமே, நமக்கும் நாலு வேணும்' என்று எம்.டி.க்கள் கிளம்பிவிட்டார்கள். கன்சல்டன்ட் வந்தார். ஓட்டலில் இரண்டு நாள் ஒர்க் ஷாப். மூன்றாம் நாள் போர்டு தயார்.

புத்தகம் சொன்னது இதை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்பிக்கைகளை உட்கார்ந்து தயாரிக்க முடியாது, ஏற்கெனவே உள்ளே இருப்பதைத்தான் கண்டுபிடிக்க முடியும் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஆனால் அந்தப் புத்தகத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. அந்த 18 கம்பெனிகளில் ஜான்சன் அண்ட் ஜான்சனும் இருக்கிறது, சிகரெட் கம்பெனியான பிலிப் மோரிஸும் இருக்கிறது. இது எப்படிப் பொருந்தும்? 'எந்த நம்பிக்கை என்பது முக்கியமில்லை, அதை எவ்வளவு ஆழமாக நம்புகிறார்கள் என்பதுதான் முக்கியம்' என்கிறார்கள் ஆசிரியர்கள். நிலைத்து நிற்பதற்கு அது போதும். நல்லபடியாக நிற்பதற்குப் போதுமா? அம்பத்தூர் இன்ஸ்பெக்டருக்கு அந்தப் புத்தகத்தில் பதில் கிடைக்காது. ஆழமாக நம்புகிற இரண்டு விஷயங்கள் மூணரை மணிக்கு மோதிக்கொண்டால் எதை விடுவது என்பதுதானே அவர் கேட்டது?

*

இனி போர்டுகளுக்கு வருவோம். உலகத்திலேயே அதிகமாகக் கேலி செய்யப்பட்ட போர்டு, என்ரான் கம்பெனியுடையது. நாலே வார்த்தை. மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், மேன்மை.

அந்த அமெரிக்க எரிசக்திக் கம்பெனி 2000-ம் வருடம் ஜூலையில் 64 பக்கத்தில் ஒரு நன்னெறிக் கையேடு வெளியிட்டது. சேர்மன் கென்னத் லே முன்னுரை. அடுத்த வருடம் டிசம்பர் 2-ம் தேதி கம்பெனி திவால். ஒரு கட்டத்தில் 90 டாலருக்குப் போன பங்கு, ஒரு டாலருக்கும் கீழே. ஊழியர்களில் பல பேர் ஓய்வூதியச் சேமிப்பையே கம்பெனிப் பங்கில் வைத்திருந்தார்கள். வேலையும் போச்சு, சேமிப்பும் போச்சு. அந்தக் கையேட்டின் பிரதி ஒன்று இன்றைக்கு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது.

இதுவரைக்கும் எல்லோரும் சொல்கிற கதை. 'சொன்னது ஒன்று, செய்தது ஒன்று' என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால், எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு ஒரு சம்பவம்.

நடத்தை விதிகள் என்ரானில் முன்பிருந்தே உண்டு. கம்பெனி அதிகாரி, கம்பெனியோடு வியாபாரம் செய்கிற இன்னொரு நிறுவனத்தை நடத்தக் கூடாது என்று அதில் தெளிவாக இருந்தது. தலைமை நிதி அதிகாரி ஆண்ட்ரூ ஃபாஸ்டோவுக்கு அப்படி நடத்த ஆசை. 1999-ல் அந்த விஷயம் போர்டு மீட்டிங்குக்கு வந்தது. இயக்குநர்கள் கூடி உட்கார்ந்து, பேசி, அவருக்கு அந்த விதியிலிருந்து விலக்கு கொடுத்துத் தீர்மானம் போட்டார்கள். ஒளித்து மறைத்து இல்லை... முறைப்படி, மினிட்ஸ் எழுதி! அந்தப் பங்காளி நிறுவனங்கள் மூலம் ஃபாஸ்டோ 3 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்ததாகப் பிறகு விசாரணையில் தெரிந்தது. கம்பெனியின் நஷ்டங்களை ஒளித்து வைக்க உதவியதும் அதே நிறுவனங்கள்தான்.

அந்த இயக்குநர்கள் எல்லோரும் திருடர்களா? இல்லை. நேர்மையும் இருக்கட்டும், கம்பெனி வளரவும் வேண்டும் என்று நினைத்தவர்கள். இரண்டும் மோதியபோது வளர்ச்சிக்கு வழி விட்டார்கள். அவர்கள் வைத்திருந்த நாலு வார்த்தையில் எதுவும் 'வழி விடாதே' என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? நாலும் வெறும் பெயர்ச்சொல். யாருக்கு மரியாதை? யாரிடம் நேர்மை? எதைக் கொடுத்தாவது? ஒன்றும் இல்லை. 'நேர்மையின்மையே எங்கள் லட்சியம்' என்று எந்தக் கம்பெனியாவது போர்டு மாட்டுமா? எதிர்ப்பதத்தை யாரும் எழுதவே மாட்டார்கள் என்றால், அந்த வார்த்தை எந்தத் தகவலையும் தரவில்லை என்று அர்த்தம்.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு முதல் வருடம் முதல் வகுப்பில் சொல்லித் தந்தது: ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கு இல்லை. இந்த போர்டுகளில் எல்லாமே வரவுப் பக்கம்தான். எதை விட்டுக்கொடுத்து இதை வாங்குகிறோம் என்ற பற்றுப் பக்கம் காலியாகவே இருக்கிறது.

*

அந்தப் பக்கத்தையும் எழுதிய ஒரு கம்பெனி உண்டு.

1943-ல் ஜான்சன் அண்ட் ஜான்சனின் தலைவர் ராபர்ட் வுட் ஜான்சன் ஒரு பக்க அறிக்கை எழுதினார். 'கிரெடோ' என்று பெயர். அடுத்த வருடம் கம்பெனி பங்குச் சந்தைக்கு வரப்போகிறது. பங்கு வாங்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது போல, தன் கம்பெனி யார் யாருக்கெல்லாம் கடமைப்பட்டிருக்கிறது என்று வரிசை போட்டார். முதலில், பொருளைப் பயன்படுத்துகிற மருத்துவர்கள், நர்ஸ்கள், தாய்மார்கள். அதற்கடுத்து வேலை செய்கிறவர்கள். அதற்குப் பிறகு சுற்றி இருக்கிற சமூகம். கடைசியில்தான் பங்குதாரர்கள்.

இதை இலக்கியமாகப் படித்தால் பெரிசாக ஒன்றும் இல்லை. சாதாரண வாக்கியங்கள். ஆனால் 'முதலில்', 'கடைசியில்' என்ற சொற்கள் இருக்கின்றன பாருங்கள், இன்ஸ்பெக்டர் தேடியது அதைத்தான்.

1970-களில் ஜேம்ஸ் பர்க் என்பவர் அங்கே பொறுப்புக்கு வந்தபோது, அந்த அறிக்கையும் வெறும் சுவர் அலங்காரமாகிக்கொண்டிருந்தது. அவர் மேலதிகாரிகளை ஓர் அறையில் உட்கார வைத்து, 'இதன்படி நடக்கப் போகிறோமா இல்லையா? இல்லையென்றால் சுவரிலிருந்து கழற்றிவிடலாம்' என்று விவாதத்துக்கு விட்டார். வெவ்வேறு ஊர்க் கிளைகளிலும் இதே விவாதத்தை நடத்தினார். எதிர்த்துப் பேசியவர்களும் உண்டு. 'லாபம் இல்லாமல் எதைச் செய்ய முடியும்?' என்ற நியாயமான கேள்வியும் எழுந்தது. சண்டை போட்டுத்தான் அந்த வரிசையை அவர்கள் மறுபடி ஏற்றுக்கொண்டார்கள்.

1982 செப்டம்பர் கடைசியில் சோதனை வந்தது. சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரை சாப்பிட்ட ஏழு பேர் இறந்துபோனார்கள். யாரோ கடைகளில் இருந்த பாட்டில்களைத் திறந்து, கேப்ஸ்யூலுக்குள் சயனைடு வைத்திருக்கிறார்கள். கம்பெனி மேல் தப்பு இல்லை. ஃபேக்டரியில் நடந்ததும் இல்லை. 'சிகாகோவில் மட்டும் திரும்பப் பெறுகிறோம்' என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால், நாடு முழுக்க சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்ப எடுத்தார்கள். மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல். வலி மாத்திரை சந்தையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருந்த பிராண்ட், சில வாரங்களில் பத்து சதவீதத்துக்கும் கீழே போனது. சில வாரத்தில், திறந்தால் தெரிந்துவிடுகிற மூன்றடுக்கு சீலோடு திரும்ப வந்தது. ஒரே வருடத்தில் இழந்த இடத்தில் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. இன்றைக்கு மாத்திரை டப்பாவைத் திறக்க நாம் சீலைக் கிழிக்கிறோமே, அந்தப் பழக்கம் பரவியது இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான்.

அந்த அறையில் இருந்தவர்கள் மகாத்மாக்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு யோசிக்க வேண்டிய வேலை குறைவாக இருந்தது. சாப்பிடுகிறவர் முதலில், பங்குதாரர் கடைசியில் என்பதை ஏற்கெனவே சண்டை போட்டு முடித்து வைத்திருந்தார்கள்.

*

சரி, பாட்டிலைத் திரும்ப எடுப்பது பெரிய கம்பெனி சமாச்சாரம். பிரஸ் பட்டனுக்கு என்ன பதில்?

அதற்கும் ஒரு ஆள் பதில் சொல்லியிருக்கிறார். 1987-ல் அல்கோவா என்ற அலுமினியக் கம்பெனிக்கு பால் ஓநீல் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். உருக்கிய உலோகம் ஓடுகிற தொழிற்சாலைகள். நியூயார்க்கில் முதலீட்டாளர்களோடு முதல் கூட்டம். லாபம், வரி, விரிவாக்கம் என்று பேசுவார் என எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர்களிடம் அவர் சொன்னது, தொழிலாளி யாருக்கும் அடிபடக் கூடாது என்பதுதான் தன் முதல் வேலை என்று. ஹாலில் அவசர வழி எங்கே இருக்கிறது என்றும் காட்டினார். வந்தவர்களில் சிலர் 'இந்த ஆளுக்கு என்ன ஆச்சு?' என்றுதான் நினைத்தார்கள்.

பேச்சோடு விடவில்லை. யாருக்காவது அடிபட்டால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிரிவின் தலைவர் நேராக ஓநீலுக்குச் சொல்ல வேண்டும். இனி நடக்காமல் இருக்க என்ன செய்யப் போகிறோம் என்பதையும் சேர்த்து. 1996-ல் மெக்ஸிகோ ஆலையில் வாயு கசிந்து தொழிலாளர்கள் பாதிக்கப்பட்ட விஷயத்தை மேலே சொல்லாமல் விட்ட ஒரு மூத்த அதிகாரியை வேலையிலிருந்து அனுப்பினார். லாபம் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அதிகாரி! கம்பெனி முழுக்க இருந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் எது முதல் என்று சந்தேகமில்லாமல் புரிந்திருக்கும்.

நூறு தொழிலாளர்களுக்கு வருடத்துக்கு 1.86 என்றிருந்த, வேலைநாள் இழக்கும் அளவுக்கான விபத்து, அவர் 2000-ல் விலகியபோது 0.2. லாபமும் பல மடங்கு ஏறியது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஏன் அடிபட்டது என்று தேடிக்கொண்டே போனால், மெஷின் எங்கே தகராறு செய்கிறது, வேலை எங்கே அவசரப்படுத்தப்படுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். விரலை வெட்டுகிற அதே அவசரம்தான் பீஸையும் ரிஜெக்ட் ஆக்குகிறது.

*

இத்தோடு நிறுத்தினால் இது விளம்பரமாகிவிடும். மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

வரிசை போட்டு வைத்த அதே ஜான்சன் அண்ட் ஜான்சன் இன்னொரு பக்கம் பேபி பவுடர் விற்றுக்கொண்டிருந்தது. அந்தப் பவுடரிலும் அதன் மூலப்பொருளான டால்க்கிலும் 1971-லிருந்து 2000-களின் தொடக்கம் வரை சில சோதனைகளில் சிறு அளவில் ஆஸ்பெஸ்டாஸ் தென்பட்டதாகவும், கம்பெனி அதைக் கட்டுப்பாட்டு அமைப்புகளிடமோ மக்களிடமோ சொல்லவில்லை என்றும் 2018 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஆவணங்களோடு எழுதியது. கம்பெனி மறுத்தது, தன் பவுடர் பாதுகாப்பானது என்றே சொல்லி வருகிறது. 2020-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-ல் உலகம் முழுக்கவும் டால்க் பேபி பவுடரை நிறுத்தியது. பல்லாயிரம் பேர் போட்ட வழக்குகளை, 2021-ல் புதிதாக ஒரு துணை நிறுவனம் தொடங்கி அதன் தலையில் கட்டி, அதைத் திவால் என்று அறிவிக்கப் பார்த்தது. நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை.

தாய்மார்கள் முதலில், பங்குதாரர்கள் கடைசியில் என்று எழுதி வைத்தவர்கள் இவர்கள்! அல்கோவாவும் அப்படித்தான். பாதுகாப்பில் பேர் வாங்கிய அந்தக் கம்பெனியின் துணை நிறுவனம் ஒன்று, பஹ்ரைன் லஞ்ச வழக்கில் 2014-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

அப்படியானால் வரிசையும் பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. 1982-ல் பாட்டில் பிரச்னை ஊருக்கே தெரியும். ஏழு பேர் இறந்த செய்தி டி.வி.யில் ஓடுகிறது. முடிவு ஒரே நாளில் எடுக்க வேண்டும். பவுடர் விஷயம் லேபரட்டரி ஃபைலுக்குள் வருடக்கணக்கில் தூங்குகிறது. யாரும் பார்க்காத மோதலில்தான் வரிசை தலைகீழாகிறது. அதனால் எழுதி வைத்தால் மட்டும் போதாது. பர்க் செய்த மாதிரி அடிக்கடி இறக்கி வைத்து, 'போன வருடம் எங்கே இதை மீறினோம்?' என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். கேட்டவருக்கு வேலை போகாமலும் இருக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கதை உங்களுக்கே தெரியும். பெயரிலேயே உண்மையை வைத்திருந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸ், 2008 செப்டம்பரில் சிறந்த நிர்வாகத்துக்காக 'கோல்டன் பீகாக்' விருது வாங்கியது. 2009 ஜனவரி 7-ம் தேதி சேர்மன் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார், கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று. விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். விருது கொடுத்தவர்கள் பார்த்தது போர்டை. பார்த்திருக்க வேண்டியது பாஸ்புக்கை.

*

'இவ்வளவு பேசுகிறீரே, அந்த அம்பத்தூர் முதலாளி என்ன செய்வார்? டெபிட் நோட் வந்தால் நீரா கட்டுவீர்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருடைய வாடிக்கையாளர் சுவரிலும் ஒரு போர்டு இருக்கும். 'சப்ளையர்கள் எங்கள் பங்காளிகள்' என்று அதில் இருக்கும். சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. தருகிறார்களா என்று சிறு தொழில் செய்கிற உங்கள் நண்பர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பாவம், பெருமூச்சுதான் வரும். பணம் லேட்டாக வருகிறவர், வேகத்தைக் கூட்டித்தான் சமாளிப்பார். அந்த வேகம் கடைசியில் பிரஸ் பட்டனுக்கு வந்து சேர்கிறது.

ஒரு சின்ன யோசனை சொல்கிறேன். ஒரு பெரிய கம்பெனியின் 'வேல்யூஸ்' என்னவென்று தெரிய வேண்டுமானால், ஆண்டறிக்கையின் முதல் பக்க வழவழ காகிதத்தைத் தாண்டி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் கணக்குக் குறிப்புகளுக்குப் போங்கள். 2021 ஏப்ரலிலிருந்து, சப்ளையர்களுக்கு எவ்வளவு பாக்கி, எத்தனை வருடப் பாக்கி, அதில் சிறு தொழில்களுக்கு எவ்வளவு என்று அட்டவணை போட்டாக வேண்டும். பங்காளியை எப்படி நடத்துகிறார்கள் என்று அங்கே நம்பரில் இருக்கிறது. ஒரு பி.காம். பையன் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம்.

அதேபோல ஊழியருக்கு உண்மையான போர்டு, இன்சென்டிவ் ஷீட்தான். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் லட்சியங்களையும் விழுமியங்களையும் விளக்கி அழகான புத்தகமே இருந்தது. ஆனால் ஒரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கு எட்டு திட்டங்களை விற்க வேண்டும் என்பது அப்போது இலக்காக இருந்தது. விளைவு? வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறந்தார்கள். 2016-ல் விவகாரம் வெடித்தபோது, முந்தைய ஐந்து வருடங்களில் சுமார் 5,300 ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியிருந்ததாக வங்கியே சொன்னது. அத்தனை பேரும் கெட்டவர்களாகவா சேர்ந்திருப்பார்கள்? புத்தகத்தையும் படித்தார்கள், இலக்கையும் படித்தார்கள். எது முதல் என்று புரிந்துகொண்டார்கள். அவ்வளவுதான்.

'ஏதோ நாலு நல்ல வார்த்தை சுவரில் இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன குறைந்துவிடும்?' என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். குறையும் சார். பொய்யான போர்டுக்கு அடியில் தினமும் எட்டு மணி நேரம் வேலை செய்கிறவன், வார்த்தைக்கு அர்த்தம் கிடையாது என்பதைத் தினமும் படித்துக்கொண்டிருக்கிறான். நாளைக்கு நிஜமாகவே ஒரு நல்ல மேனேஜர் வந்து 'பாதுகாப்பு முக்கியம்ப்பா' என்று சொன்னாலும் சிரித்துவிட்டுப் போவான். அதற்கு வெறும் சுவர் எவ்வளவோ மேல்.

கம்பெனி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஐந்து வார்த்தையை எடுத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் எழுதச் சொல்வேன். 'பட்டனைக் கட்டி ஓட்டித்தான் அனுப்ப முடியும் என்றால், லோடு நாளைக்குப் போகட்டும்.' கீழே எம்.டி. கையெழுத்து. ஆடிட்டர் முகம் சுளிக்கலாம். வெளிநாட்டுக்காரருக்குப் புரியாமலும் போகலாம். பிரஸ் ஓட்டுகிறவருக்குப் புரியும். அந்தக் கையெழுத்தைப் போட எம்.டி.க்குக் கை வருகிறதா என்பதுதான் சோதனை. வராவிட்டால், அந்தக் கம்பெனியில் எது முதல் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

அன்றைக்கு அந்த இன்ஸ்பெக்டர் அந்த லாட்டை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. நிறுத்தினாரா, அனுப்பினாரா, கேட்டிருக்கலாம். கேட்காமல் வந்துவிட்டேன். 'நேர்மை' என்று தமிழில் எழுதிக் கொடுத்ததற்கு வாங்கிய செக் பையில் இருந்தது. ஆறு மணிக்குள் பேங்க்கில் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.